மழையோடு போகும் எருச்சத்து



தேயிலைத் தூள்மீது வெந்நீர் ஊற்றியதும் சாயம் இறங்கிவிடுகிறது அல்லவா? திறந்த வெளியில் குவித்த எருவின்மீது மழை பெய்தாலும் இதே கதைதான். பழுப்பு நீராக ஓடுவதைக் கண்டும் நாம் கவலைப்படுவதில்லை. ஆனால் அதில் ஓடுவது பயிருக்கு வேண்டிய நைட்ரஜன் என்னும் தழைச்சத்து!

இந்த இழப்பைத் தடுக்கச் சட்டமே போட்டிருக்கும் இரண்டு நாடுகளைப் பற்றி இன்று சொல்கிறேன். வட ஐரோப்பாவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சுவீடனும் பின்லாந்துமே அவை. அங்கே தலைவலியாக இருக்கும் எருக்களில் ஒன்று குதிரை எரு.

2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுவீடனில் சுமார் 355,000 குதிரைகள் இருந்தன. பின்லாந்தில் சுமார் 75,000. பெரும்பாலும் சவாரிக்கும் பந்தயத்துக்கும் வளர்க்கப்படுபவை. வளர்ப்பவர் பலருக்குச் சொந்த வயல் கிடையாது. ஆகவே எரு குவிகிறது.

500 கிலோ எடையுள்ள ஒரு குதிரை நாளொன்றுக்கு 20 கிலோவுக்கு மேல் கழிவு தருகிறது. அதன் லத்தியிலும் சிறுநீரிலும் ஆண்டுக்குச் சுமார் 50 கிலோ நைட்ரஜன் உண்டு. யூரியா உரத்தில் சொன்னால் ஏறக்குறைய இரண்டு மூட்டை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இதை நைட்ரேட் ஆக்குகின்றன. நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது. வேர் இருந்தால் வேர் உறிஞ்சும். இல்லாவிட்டால் தண்ணீர் கொண்டு போய்விடும்.

அப்படியானால் குதிரை அதிகமுள்ள நாட்டில்தான் இழப்பும் அதிகம் என்று முடித்துவிடலாமா? அவசரம் வேண்டாம். தண்ணீர் போகும் வழியையும் பார்க்க வேண்டும்.

சுவீடனின் தென்பகுதியில் குளிர்காலம் அவ்வளவு கடுமையல்ல. நிலம் உறையாத நாட்களில் மழை பெய்கிறது. ஹாலந்து மாவட்டம் போன்ற மணற்பாங்கான இடங்களில் நைட்ரேட் நேரே கீழே இறங்கி நிலத்தடி நீரை அடைகிறது. பின்லாந்திலோ மாதக்கணக்கில் நிலம் சிமெண்டுத் தரைபோல் உறைந்து கிடக்கும். வசந்தத்தில் பனி உருகும்போது, மேலே கிடக்கும் எருவின் சத்தையும் வாரிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடுகிறது. எரு ஒன்றுதான், போகும் வழி வேறு.

எனவே சட்டமும் காலத்தைக் கணக்கில் எடுக்கிறது. பின்லாந்தில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை வயலில் எரு இடக் கூடாது. சுவீடனில் நைட்ரேட் ஆபத்துள்ள பகுதிகளில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதிவரை தடை. மேலும், 1991இல் வந்த ஐரோப்பிய விதியின்படி, இத்தகைய பகுதிகளில் ஒரு ஹெக்டர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர் நிலத்தில், கால்நடை எருவின் நைட்ரஜன் ஆண்டுக்கு 170 கிலோவைத் தாண்டக் கூடாது. மூன்று குதிரைகளின் எருவுக்கே ஒரு ஹெக்டர் வேண்டும் என்று தெரிகிறதல்லவா?

ஏன் இவ்வளவு கண்டிப்பு? இரு நாடுகளின் நீரிலும் பெரும்பகுதி பால்டிக் கடலில் சேர்கிறது. அது ஆழம் குறைந்த கடல். பெருங்கடலோடு அதை இணைக்கும் வழியும் குறுகலானது. வந்து சேர்ந்த சத்து எளிதில் வெளியேறாது. அதைத் தின்று பாசி பெருகுகிறது. பாசி அழுகும்போது ஆழத்து நீரில் பிராணவாயு குறைந்து, மீனுக்கு மூச்சு முட்டுகிறது. கிணற்று நீருக்கும் ஆபத்து உண்டு. ஒரு லிட்டர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. மிஞ்சினால், அந்த நீரில் பால்மாவு கலக்கிக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகலாம்.

வாசகர்களே, நமக்குப் பனி இல்லை. ஆனால் ஆண்டு முழுவதும் மழை உண்டு. நம்மிடம் குதிரை இல்லாவிட்டாலும் மாடும் ஆடும் கோழியும் வளர்ப்பவர்கள் இருக்கிறோம். எருக்குவியலுக்கு ஒரு தகரக் கூரையோ தார்ப்பாயோ போடுங்கள். அடியில் சிமெண்டுத் தரை இருந்தால் இன்னும் நல்லது. கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி வையுங்கள். வெறும் மண்ணில் கொட்டாமல், செடி வளரும் பருவத்தில் சிறிது சிறிதாக இடுங்கள்.

காசு கொடுத்து யூரியா வாங்கும் நாம், கையில் இருப்பதை மழைக்குத் தாரை வார்க்கலாமா?