பாட்டு ஒளியும், கதை எங்கே ஒளியும்?

1928-ஆம் வருஷத்தில் பர்மா சர்க்கார் பாரதியாரின் தேசிய கீதங்களுக்குத் தடை விதித்தது. அதைப் பின்பற்றிச் சென்னை மாகாணப் போலீஸாரும் பிரதிகளைப் பறிமுதல் செய்தனர். கவி காலமாகி அப்போதே ஏழு வருஷங்கள் ஆகியிருந்தன! ஸ்ரீ சத்தியமூர்த்தி சட்டசபையில் இந்த அக்கிரமத்தைக் கண்டித்துப் பேசினார்.

கரியாலூரில் என் மாணாக்கர்களிடம் இச்சரித்திரத்தைக் கூறி, அபிப்பிராயம் எழுதச் சொன்னேன். "காகிதத்தைத்தான் எடுத்துப் போனார்கள், பாட்டை எடுக்க முடியுமா?" என்றே பலரும் எழுதினர். கல்வராயன் மலையில் பாட்டு வாய்வழியாக வாழ்வது. ஆகையால் இதில் வியப்பில்லை. ஒரு பெண் மட்டும் மேலே சென்றாள்: "பாட்டு தொண்டையில் ஒளிந்துகொள்ளும். கதை எங்கே ஒளியும்? இருநூறு பக்கத்தை யார் மனப்பாடம் செய்வார்?"

நியாயமான கேள்வி. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010-இல் வெளிவந்தது. 2014-இன் இறுதியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பிற்று. சர்க்கார் தடையுத்தரவு எதுவும் போடவில்லை. ஊராரின் கோபமும், அதிகாரிகள் கூட்டிய சமாதானப் பேச்சுமே போதுமாயிருந்தன. 2015 ஜனவரியில், எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். தம் நூல்களையும் விலக்கிக்கொண்டார். 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகே எழுத்துலகுக்குத் திரும்பினார்.

அந்நிய ஆட்சியில் பாட்டை ஜனங்களின் நாவு காப்பாற்றியது. சுயராஜ்யத்தில் கதைக்கு ஒளிவிடம் எதற்கு? பிடிக்காதவர் புஸ்தகத்தை மூடி வைக்கட்டும்; அடுத்தவர் கையிலிருந்து பிடுங்க வேண்டாம்.