ஹேண்டில்பாரில் ஒரு வழிகாட்டி

சென்னையில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற எனக்கு ஹேண்டில்பாரில் மாட்டிய போன்தான் வழிகாட்டி. கூகுள் மேப்பின் இருசக்கர வாகன வசதி 2017-இல் இந்தியாவில்தான் முதலில் வந்தது. கார் நுழையாத சந்துகளையும் அது காட்டும். ஆனால் கத்திப்பாராவில் பாலத்தின் மேலே போகிறோமா, கீழேயா என்று ஜிபிஎஸ் தடுமாறும். அங்கே நான் பலகையைத்தான் நம்புவேன்.

சித்திரை வெயிலில் போன் கொதித்துத் திரை மங்கிவிடும். இன்ஜின் அதிர்வும் சும்மா விடாது. கை நடுக்கத்தைச் சரிசெய்ய கேமரா லென்ஸ் அசையும்படி வைத்திருப்பதால், தொடர் அதிர்வில் அது கெடலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டர் வாங்குங்கள்.

கவனம் சிதறாதபடி, வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்கிறது 2020-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதி. முகவரியைக் கிளம்புமுன்பே போட்டுவிடுங்கள். மாற்ற வேண்டுமா, வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள்.