‘க்யூ’ என்றால் வாத்து: ஊகிக்க வைக்கும் எழுத்துப் புத்தகங்கள்

குழந்தைகளுக்கான எழுத்துப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் வருபவை. பக்கத்துக்கு ஓர் எழுத்து, அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு பொருளின் படம், படத்துக்குக் கீழே அதன் பெயர். ‘ஏ’ என்றால் ஆப்பிள், ‘பி’ என்றால் ‘பால்’ (பந்து). கேள்வியும் விடையும் ஒரே பக்கத்தில் இருப்பதால் குழந்தைக்கு அங்கே வேலையே இல்லை. பெரியவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் போதும். அதிலும் குழந்தை பார்ப்பது படத்தைத்தான். புத்தகம் வாசித்துக் காட்டும்போது சிறு குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று பதிவு செய்த ஆய்வுகள், அச்செழுத்தின் மேல் அவர்கள் பார்வை அபூர்வமாகவே விழுகிறது என்று காட்டியுள்ளன. ஆப்பிளைக் கண்டு ‘ஆப்பிள்’ என்று சொல்லிவிடுகிற குழந்தை, பக்கத்தில் நிற்கும் ‘ஏ’யைக் கண்டுகொள்ளாமலே புத்தகத்தை முடித்துவிடலாம்.

ஊகிக்க வைக்கும் எழுத்துப் புத்தகங்கள் இந்த அமைப்பில் ஒன்றை மட்டும் மாற்றுகின்றன. படத்துக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை அவை சொல்லாமல் மறைத்து வைக்கின்றன. எழுத்தைக் கவனித்தால்தான் அந்தத் தொடர்பு பிடிபடும்.

இவ்வகையில் பெயர்பெற்றது, அமெரிக்க எழுத்தாளர் மேரி எல்டிங் தன் மகன் மைக்கேல் ஃபோல்சமுடன் சேர்ந்து எழுதி 1980இல் வெளிவந்த ‘க்யூ இஸ் ஃபார் டக்’. ஜேக் கென்ட் படம் வரைந்தார். தலைப்பே முதல் புதிர். ‘டக்’ என்ற சொல் ‘டி’யில் தொடங்குகிறது, புத்தகமோ ‘க்யூ’ என்றால் வாத்து என்று அடித்துச் சொல்கிறது. காரணம், ஆங்கிலத்தில் வாத்து ‘குவாக்’ என்று கத்தும், அந்தச் சொல்லுக்கு முதலெழுத்து ‘க்யூ’. ‘ஏ’ என்றால் மிருகக்காட்சிசாலை, ஏனெனில் அங்கே ‘அனிமல்ஸ்’ இருக்கின்றன. நாய்க்கு ‘பி’, அது ‘பார்க்’ என்று குரைப்பதால். ஒவ்வோர் எழுத்துக்கும் முதலில் இந்த விபரீதக் கூற்று, உடனே ‘ஏன்?’ என்ற கேள்வி, அதற்குப் பிறகே காரணம். இடையில் குழந்தை அந்தப் பொருளைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கிளறிப் பார்க்க வேண்டும்: அது என்ன செய்யும், எப்படிக் கத்தும், எங்கே இருக்கும்? பெயர்ச்சொற்களை மட்டும் அடுக்கும் வழக்கமான புத்தகத்தில் இடம் பெறாத வினைச்சொற்கள் இங்கே தாமாகவே வந்துவிடுகின்றன.

இந்த உத்தி புதியதல்ல. செக் நாட்டுக் கல்வியாளர் யான் கொமேனியஸ் 1658இல் நியூரம்பெர்க்கில் வெளியிட்ட ‘ஓர்பிஸ் சென்சுவாலியும் பிக்டுஸ்’ என்னும் படநூலின் தொடக்கத்தில் ஓர் ‘உயிருள்ள அகரவரிசை’ உண்டு. அதில் ‘ஏ’ எழுத்துக்குக் காகம், ‘பி’ எழுத்துக்கு ஆட்டுக்குட்டி. லத்தீனில் ஆட்டுக்குட்டியின் பெயர் ‘அக்னுஸ்’. ‘ஏ’யில் தொடங்கும் பெயர் அது. ஆனால் குட்டி ‘பே’ என்று கத்துவதால் கொமேனியஸ் அதை ‘பி’யில் நிறுத்தினார். வாத்துக்கு ‘க்யூ’ கொடுத்த அதே நியாயம்தான், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே.

ஊகத்தைப் பக்கம் புரட்டும் செயலோடு பிணைத்ததில் மிகத் துல்லியமான புத்தகம், கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் 1987இல் வெளியிட்ட ‘த இசட் வாஸ் ஸாப்ட்’ எனலாம். ‘ஜுமாஞ்சி’ படக்கதையை எழுதி வரைந்தவர் இவர். புத்தகம் 26 அங்கங்கள் கொண்ட நாடகமாக அமைந்துள்ளது. நடிப்பவர்கள் ‘கேஸ்லான் குழு’வினர். கேஸ்லான் என்பது 18ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற அச்செழுத்து வகையின் பெயர் என்பது பெரியவர்களுக்கான குறும்பு. கறுப்பு வெள்ளைப் படங்களில், திரைச்சீலை தொங்கும் மேடையில் ஓர் எழுத்து மட்டும் நிற்கிறது. அதற்கு ஏதோ விபத்து நேர்கிறது. ‘ஏ’யின் மேல் பாறைகள் சரிந்து விழுகின்றன. ‘எம்’ உருகுகிறது. என்ன நடந்தது என்ற வாசகம் படத்தின் அருகில் இல்லை, தாளின் மறுபக்கத்தில் இருக்கிறது. உருகும் ‘எம்’மைப் பார்த்து ‘ட்ரிப்’ (சொட்டுதல்) என்று ஒரு குழந்தை சொல்லலாம். அதுவும் படத்துக்குப் பொருந்தும். ஆனால் அந்தச் சொல் ‘டி’யில் தொடங்குகிறது. மேடையில் நிற்பது ‘எம்’. ஆகவே ‘மெல்ட்’ என்ற சொல்லைத் தேடிப் போக வேண்டும். விடை சரியா என்று சொல்ல ஆசிரியர் தேவையில்லை, எழுத்தே நடுவராகிறது. சாதாரணப் புத்தகத்தில் அலங்காரமாக நின்ற எழுத்துக்கு இங்கே உண்மையான உத்தியோகம் கிடைக்கிறது.

தேட வைக்கும் புத்தகங்கள் இன்னொரு வகை. ஜப்பானிய ஓவியர் மிட்சுமாசா அன்னோ பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1970களின் நடுவில் வந்த அவரது அகரவரிசை நூலில் பக்கங்களில் சொற்களே கிடையாது. மரத்தில் செதுக்கியதுபோல் வரைந்த எழுத்துகள் சில, உற்றுப் பார்த்தால் எந்தத் தச்சராலும் செய்ய முடியாத வடிவம் கொண்டவை. ஓரத்தில் ஓடும் கொடி வேலைப்பாட்டுக்குள் அந்த எழுத்தில் தொடங்கும் செடிகளும் உயிரினங்களும் ஒளிந்திருக்கும். அவற்றின் பெயர்களை நூலின் இறுதியில்தான் பார்க்க முடியும். ஆஸ்திரேலியாவின் கிரீம் பேஸ் 1986இல் வெளியிட்ட ‘அனிமாலியா’வும் இப்படித்தான், ஆனால் நெரிசல் அதிகம். ஒவ்வொரு படத்திலும் தன்னைச் சிறுவனாக வரைந்து எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார். மூன்று வயதுக் குழந்தையை அது திணறடிக்கும். ஏழு வயதுக் குழந்தையிடம் தப்பாது.

எழுத்தின் உருவத்தையே புதிராக்கும் நூல்களும் உண்டு. சூஸ் மெக்டொனால்டின் ‘ஆல்ஃபபாட்டிக்ஸ்’ (1986) நூலில் ‘ஏ’ படிப்படியாகச் சாய்ந்து நீரில் மிதக்கும் பேழையாகிறது. ஸ்டீபன் ஜான்சனின் ‘ஆல்ஃபபெட் சிட்டி’ (1995) புகைப்படம்போல் தோன்றும் ஓவியங்களால் ஆனது. போக்குவரத்து விளக்கைப் பக்கவாட்டில் பார்த்தால் அது ‘இ’. ஒரு சொல்கூட இல்லாத அந்தப் புத்தகத்தை மூடிய பிறகும் குழந்தை தெருவில் எழுத்துகளைத் தேடிக்கொண்டிருக்கும். எழுத்தின் வடிவம் மனத்தில் பதிய இதைவிட நல்ல வழி சொல்வது கடினம்.

மடிப்பைத் தூக்கினால் விடை தெரியும் புத்தகங்களும், விரித்தால் எழுந்து நிற்கும் எழுத்துகள் கொண்ட புத்தகங்களும் கடைகளில் முன்வரிசையில் இருப்பவை. லாரா வக்காரோ சீகரின் ‘த ஹிடன் ஆல்ஃபபெட்’ (2003) அவற்றில் சிறந்தது. கறுப்புச் சட்டத்தின் ஜன்னல் வழியே தெரியும் பொருள், சட்டத்தைத் தூக்கியதும் ஓர் எழுத்தின் பகுதியாகிவிடுகிறது. ஆனால் எல்லா மடிப்புகளும் இவ்வளவு பொருத்தமாக அமைவதில்லை. இரண்டரை முதல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் சிந்தியா சியாங், ஜூடி டிலோச் என்ற ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், தூக்கவும் தடவவும் பாகங்கள் கொண்ட எழுத்துப் புத்தகத்தைவிட வெறும் படப்புத்தகத்திலிருந்தே குழந்தைகள் அதிக எழுத்துகளைக் கற்றார்கள். கைக்கு வேலை கொடுப்பதும் மூளைக்கு வேலை கொடுப்பதும் வேறுவேறு. மடிப்பைத் தூக்கும் முன் ஊகிக்க ஒன்றும் இல்லையென்றால் அது வெறும் பொம்மை.

இந்த நூல்களில் பெரும்பாலானவை முதலெழுத்தையே நம்பியிருப்பவை. தமிழுக்கு அந்த வழி பாதித் தூரம்தான் வரும். மெய்யெழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் மரபுப்படி சொல்லுக்கு முதலில் வருவதில்லை. அதனால் நம் அரிச்சுவடிகள் ‘ங்’ எழுத்துக்குச் சங்கையும் ‘ண்’ எழுத்துக்குக் கண்ணையும் காட்டி, எழுத்தைச் சொல்லின் நடுவிலும் இறுதியிலும் தேடச் செய்கின்றன. ஊக விளையாட்டுக்கு இது தடையில்லை, வசதி. தேன்கூட்டின் படத்தைக் காட்டினால் கூடு, தேனீ, தேன் என்று மூன்று விடை வரக்கூடும். பெயரை எழுதாமல், சொல்லின் கடைசி எழுத்து ‘ன்’ என்று மட்டும் பக்கத்தில் இருந்தால் தேன் ஒன்றே நிற்கும்.