உங்களுக்குத் தெரியுமா? நாய்க்கும் நடுகல் உண்டு!

● திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல். முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. ஆயுதத்தோடு நிற்கும் வீரன் கருந்தேவக்கத்தி. பக்கத்திலேயே ஒரு நாய். வீரன் பெயரை எழுதியதோடு சிற்பி உளியைக் கீழே வைத்துவிடவில்லை. நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்: கோவிவன். கள்ளரைக் கடித்துக் காவல் காத்ததாம். அந்தக் காலத்து அரசர்கள் எத்தனையோ பேரின் நாய்கள் பெயரில்லாமல் போய்விட்டன. இதன் பெயர் நிற்கிறது.

● சேவலுக்கும் கல் உண்டு. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் ஒன்று, இந்தளூரில் இன்னொன்று. இந்தளூர்ச் சேவலின் பெயர் பொற்கொற்றி. என்ன அழகான பெயர்!

● கி.பி. 949. அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் பெரும் போர். சோழ இளவரசன் இராஜாதித்தன் யானை மேலேயே மாண்டான். எதிரணியில் கங்க மன்னன் பூதுகன். அவன் படையில் தீரமாகப் போரிட்டவன் மணலேரன். "வேண்டியதைக் கேள்" என்றான் மன்னன். மணலேரன் ஊரும் கேட்கவில்லை, பொன்னும் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான்! பிறகொரு நாள் காளி ஒரு காட்டுப்பன்றியோடு மோதியதில் இரண்டுமே செத்தன. கர்நாடகத்து ஆதகூரில் காளிக்குக் கல் நட்டு, நாயும் பன்றியும் மல்லுக்கட்டுவதைச் செதுக்கி, பூசைக்கு நிலமும் விட்டார்கள். கல்லுக்குப் பூசை செய்யாமல் சோற்றில் கை வைக்கிற பூசாரிக்கு, அந்த நாய் செய்த பாவமெல்லாம் வந்து சேருமாம். நாய் அப்படி என்ன பாவம் செய்திருக்கும் என்பதுதான் புரியவில்லை! கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

● எகிப்தில் வீட்டுப் பூனை இறந்தால் குடும்பமே புருவத்தை மழித்துக்கொள்ளுமாம். நாய் இறந்தால் தலையோடு உடம்பு முழுக்க மழிப்பு. எழுதி வைத்தவர் கிரேக்கர் ஹெரோடோட்டஸ்.

● அதே எகிப்தின் செங்கடல் துறைமுகம் பெரெனிகே. 'கொற்பூமான்' என்று தமிழ்-பிராமியில் பெயர் பொறித்த பானை ஓடு கிடைத்த ஊர். அங்கே ஏறத்தாழ 2,000 ஆண்டு பழைய செல்லப்பிராணிக் கல்லறை ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். பெரும்பாலும் பூனைகள், சிலவற்றின் கழுத்தில் இரும்புப் பட்டை. கூடவே குரங்குகள், அதுவும் இந்தியக் குரங்குகள்! மிளகு ஏற்றிய கப்பல்கள் போன வழியில் இவையும் போயிருக்கின்றன.

● ஜப்பானில் செத்துப்போன எஜமானருக்காக ரயில் நிலையத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த ஹச்சிகோ என்ற நாய்க்கு 1934இல் சிலை வைத்தபோது, ஹச்சிகோ உயிரோடு அங்கேயே இருந்தது. மறுவருடம் இறந்தது. இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்காகச் சிலையை உருக்கிவிட்டார்கள். 1948இல் புதுச் சிலை செய்து கொடுத்தவர், முதல் சிலையைச் செய்த சிற்பியின் மகன்.

● கல்லெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. கிருஷ்ண ஜெயந்திக்குப் பிஞ்சுக் கால் வைக்கிற நமக்குப் பாதத் தடம் எடுக்கவா தெரியாது? இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, தண்ணீரை அளவாகத் தெளித்துக் கெட்டியாகப் பிசையுங்கள். தட்டி, செல்லப்பிராணியின் பாதத்தை அழுத்தி எடுத்து நன்றாகக் காயவிடுங்கள். உயிரோடு இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. ஈரம் படாமல் வையுங்கள். எறும்பும் மழைக்காலமும் எதிரி.

● சாம்பலைத் தூவி மேலே செடி நட ஆசையா? எரித்த சாம்பலில் உப்பும் காரத்தன்மையும் அதிகம். அப்படியே கொட்டினால் வேர் கருகும். நிறைய மண்ணோடு கலந்து பிறகு நடுங்கள். ஊசி போட்டு அனுப்பி வைத்த பிராணியை எரிக்காமல் புதைக்கிறீர்கள் என்றால் ஆழமாகப் புதைப்பது முக்கியம்; அந்த மருந்து உடம்பிலேயே தங்கிவிடும். தோண்டித் தின்கிற நாயும் கழுகும் சாகக்கூடும்.

● குழந்தையிடம் "தூங்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்று ராத்திரி குழந்தை தூங்கப் பயப்படலாம். "செத்துப்போச்சு, இனி வராது" என்றே சொல்லலாம். அழட்டும், கூடவே உட்காருங்கள்.

● நம் ஊரில் கல்லும் வேண்டாம், சிலையும் வேண்டாம் என்று ஒரு வழி இருக்கிறது. போன நாயின் பெயரை அடுத்த குட்டிக்கு வைத்துவிடுவது. எங்கள் வீட்டில் இப்போது வாசலில் படுத்திருப்பது மூன்றாவது மணி.