ரிப்பேர் சரியில்லையா? சட்டம் என்ன சொல்கிறது

ரிப்பேருக்குக் கொடுத்த ஃப்ரிட்ஜோ கிரைண்டரோ முன்னிலும் மோசமாகத் திரும்பினால் என்ன செய்வது என்று உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். பௌர்ணமி வியாபாரத்துக்கு முதல்நாள் ஃப்ரிட்ஜ் நின்றுபோனால் என்ன நஷ்டம் என்பது கிரிவலப் பாதைக் கடைக்காரர்களுக்குத் தெரியும்.

வீட்டுச் சாமான் என்றால் சந்தேகமில்லை. அக்கறையில்லாத ரிப்பேர், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. கடைச் சாமான் என்றால் 'வணிக நோக்கம்' என்ற தடை குறுக்கே நிற்கும். எனினும் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டில் வாங்கிய இயந்திரம் பற்றிய வழக்கில், பிழைப்புக்காகத் தாமே உழைப்பவர், ஓரிருவரை உதவிக்கு வைத்திருந்தாலும் நுகர்வோரே என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. சிறு கடைக்காரர்கள் ரிப்பேர் வழக்கிலும் இந்த வாதத்தை வைக்கலாம். ஏற்பது ஆணையத்தின் முடிவு. பெரிய நிறுவனங்களுக்கு சிவில் கோர்ட்டே வழி.

செய்ய வேண்டியவை:

1. பழுதும் மாற்றிய பாகமும் குறித்த ரசீது வாங்குங்கள். கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

2. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, குறையை எழுதி வாங்குங்கள்.

3. பணத்தையும் நஷ்ட ஈட்டையும் கேட்டு நோட்டீஸ் அனுப்புங்கள்.

4. பலனில்லையேல், 2 ஆண்டுக்குள் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யுங்கள். கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. வக்கீல் கட்டாயமில்லை.

ரிப்பேர் தொழில் செய்யும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை: ரசீது தராததே நியாயமற்ற வணிக முறை என்கிறது சட்டம். ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். மேற்கொண்டு 15 நாளுக்கு மேல் தவணை கிடையாது. வழக்கு வரை போகவிடாமல் பேசித் தீர்ப்பதே இரு தரப்புக்கும் லாபம் என்பது நமது கருத்து.