அக்காவின் லேப்டாப்புக்குப் புது இயங்குதளம் போடலாமா?

காரிமங்கலத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பல வீடுகளில் ஒரு பழைய லேப்டாப் இருக்கும். அக்காவோ அண்ணனோ அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்தபோது தமிழக அரசு விலையில்லாமல் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. அக்கா படிப்பை முடித்து வேலைக்கே போயிருப்பார். லேப்டாப் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கும்.

அதைக் கடைக்கு எடுத்துப் போனால், "புது விண்டோஸ் போட்டுடலாம் தம்பி" என்கிறார் கடைக்காரர். "நல்லா ஓடுறதை எதுக்குக் கெடுக்கணும்?" என்கிறார் அப்பா. இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. உங்கள் லேப்டாப்புக்கு எது பொருந்தும் என்று சொல்ல, அதன் உள்ளே நடப்பது கொஞ்சம் தெரிய வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நம் ஊர்ச் சந்தையை நினைத்துப் பாருங்கள். தேங்காய் வியாபாரிக்கும் இடம் வேண்டும், ஆடு விற்பவருக்கும் இடம் வேண்டும், காய்கறிக் கூடைக்கும் இடம் வேண்டும். யாருக்கு எங்கே, எவ்வளவு நேரம் என்று ஒழுங்கு செய்ய ஒருவர் இல்லாவிட்டால் சண்டைதான். கணினிக்குள் அந்த வேலையைச் செய்வது இயங்குதளம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் படம் வரைகிறீர்கள் அல்லவா? செயலியின் ஒரு கரு ஒரு நொடித்துளியில் ஒரு வேலையைத்தான் பார்க்கும். இயங்குதளம் பாட்டுக்குச் சில மில்லி விநாடி, படத்துக்குச் சில மில்லி விநாடி என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. மாறும் வேகம் அதிகம் என்பதால் இரண்டும் ஒன்றாக நடப்பதுபோல் நமக்குத் தெரிகிறது. ராம் நினைவகத்தைப் பங்கு போடுவதும், பிரிண்டரிடமும் கேமராவிடமும் பேசுவதும் அதன் பொறுப்புதான்.

இத்தனை வேலையும் செய்ய விண்டோஸ் போன்ற இயங்குதளத்தில் கோடிக்கணக்கான வரிகள் நிரல் எழுதியிருக்கிறார்கள். மனிதர் எழுதியது, பிழை இருக்கும். சில பிழைகள் வழியாக வெளியாள் உள்ளே நுழைந்துவிடலாம். அப்படி ஒரு ஓட்டை தெரியவந்தால், நிறுவனம் அதை அடைக்கும் திருத்தத்தை இணையம் வழியே அனுப்பும். மாதந்தோறும் வரும் அப்டேட்டில் பெரும்பகுதி இதுதான். ஆதரவு முடிந்தது என்றால் இந்தத் திருத்தங்கள் நின்றுவிட்டன என்று பொருள். அவை நின்ற நாள் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் தனியாகப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தம் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

திருத்தம் நின்றுபோன மறுநாளும் கணினி அதே வேகத்தில் ஓடும். அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். புதிய விண்டோஸுக்கு ஒரு திருத்தம் வரும்போது, இணையத் திருடர்கள் திருத்துவதற்கு முந்தைய நிரலையும் பிந்தைய நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எங்கே மாறியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை இருந்திருக்கிறது. அதே ஓட்டை பழைய விண்டோஸிலும் இருந்தால், அங்கே அடைக்க ஆளில்லை.

2017 மே 12 அன்று வானாகிரை என்ற கிருமி நிரல் உலகைச் சுற்றியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம் பக்கத்தில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவும் சிக்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச் 14 அன்று வந்துவிட்டது! மாட்டிய கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கு அப்போது ஆதரவும் இருந்தது. திருத்தத்தைப் போடாமல் விட்டதுதான் கோளாறு. ஆகவே உங்கள் இயங்குதளம் எத்தனை வயது என்பதைவிட, அதற்கு இன்னும் திருத்தம் வருகிறதா, வந்ததைப் போட்டீர்களா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

அப்படியானால் எல்லோரும் விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமா? லேப்டாப் அதைத் தாங்க வேண்டுமே. குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி எல்லாம் வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். டிபிஎம் என்பது கணினியின் ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் பகுதி. இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் 2017இல் வந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். அரசுத் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் கிடைத்த லேப்டாப் இந்தக் கணக்கில் வராது.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே. பழைய 32 பிட் இயங்குதளம் நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் 32 இலக்க முகவரி போடுகிறது. ஒவ்வொரு இலக்கமும் 0 அல்லது 1. இரண்டை 32 முறை பெருக்கிப் பாருங்கள்: 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 வரும். இது சரியாக 4 ஜிபி. அதற்கு மேல் ராம் போட்டாலும் முகவரி இல்லாததால் சாதாரணமாக அதைப் பயன்படுத்த முடியாது. ராம் போதாதபோது இயங்குதளம் தகவலை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போது மீண்டும் எடுக்கும். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழல வேண்டும், ஊசி நகர வேண்டும். ராமை ஒப்பிட்டால் அது மிக மிக மெதுவு. 2 ஜிபி லேப்டாப்பில் கனமான இயங்குதளத்தை ஏற்றினால் ஒரு படம் திறக்க நீங்கள் காத்துக்கிடப்பது இதனால்தான். தகுதிச் சோதனையை ஏமாற்றி எப்படியாவது ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும், திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்றாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே கூடவே என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது.

நம் ஊரில் மாறாமல் இருப்பவர்களுக்கு உண்மையான காரணமும் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளைப் பார்க்கலாம். அதன் கடைசிப் பெரிய பதிப்பு 7.0, 2001இல் வந்தது. அதில் தட்டச்சு செய்த தமிழ் பெரும்பாலும் பழைய எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'திருமண அழைப்பிதழ்' ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குழம்பித் தெரியும். தமிழக அரசு 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், எல்லாக் கணினியிலும் தமிழ் ஒரேபோல் தெரிய உதவும் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய கோப்புகள் இன்னும் அலமாரி அலமாரியாகக் கிடக்கின்றன. அந்த அச்சகக்காரரைப் பழமைவாதி என்று நான் சொல்ல மாட்டேன். பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து வைத்துக்கொண்டு, கோப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக யூனிகோடுக்கு மாற்றட்டும் என்பேன்.

உங்கள் லேப்டாப்புக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. லினக்ஸ். பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் 1991இல் தொடங்கியது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்றும் படிக்கலாம். நம் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனமே 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கியிருக்கிறது. அதன் திரை தமிழிலும் பேசும். அரசு லேப்டாப்புகளில் விண்டோஸுடன் இதுவும் வந்தது. ஆனால் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, எனக்கு அதில் வருத்தம்தான். ராம் குறைந்த கணினிக்கும் பொருந்தும் லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸ்கள் இருக்கின்றன. 2 ஜிபியில் பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தால் அதுவும் திணறும். பாடம் தட்டச்சு செய்யவும், நிரல் எழுதிப் பழகவும், கணக்குப் போடவும் போதும்.

லினக்ஸில் எனக்குப் பிடித்தது, போடுவதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். நிறுவு என்ற பொத்தானை அழுத்தாதவரை ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதை அது மாற்றாது. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் பேசுகிறதா, தமிழில் தட்டச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

சோதித்துப் பார்ப்பது சிறுபிள்ளை வேலை என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. ஹைதராபாத் விமான நிலையத்தில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அப்டேட்டை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் முதலில் சில கணினிகளுக்கு மட்டும் அனுப்பியிருந்தால் இத்தனை சேதம் வந்திருக்காது. ஆகவே புத்தம் புதிய இயங்குதளம் வெளியானால் சில மாதம் பொறுத்துப் போடுங்கள். மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

மாறுவது என்று முடிவானால், அக்காவின் கல்லூரிப் படங்கள், சான்றிதழ் நகல்கள் எல்லாவற்றையும் முதலில் வேறு இரண்டு இடங்களில் எடுத்து வையுங்கள். விண்டோஸ் 11ஐ இறக்க 5 ஜிபிக்கு மேல் டேட்டா ஆகும். செல்போனின் ஒருநாள் பேக்கில் பெரும்பாலும் முடியாது. பேட்டரி பழுதான லேப்டாப் என்றால் கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள். பாதியில் நின்றால் கணினி திறக்காமலே போகலாம். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. லேப்டாப்பில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் எந்த விண்டோஸ், எத்தனை ஜிபி ராம், எந்தச் செயலி, 32 பிட்டா 64 பிட்டா என்று நோட்டில் எழுதுங்கள். விண்டோஸ் 7 என்றால் கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் என்ற இடத்தில் இருக்கும். அந்த நான்கு வரியை உங்கள் கணினி ஆசிரியரிடம் காட்டி, என்ன போடலாம் என்று கேளுங்கள்.