சில்லில் ஒரு குறை, சந்தையில் ஒரு புயல்

நம் கொல்கத்தா நகரில் லயன்ஸ் ரேஞ்சு என்னும் தெருவின் பெயரைக் கேளாதார் சிலரே இருப்பர். 1908ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, பின்னர் அங்கு இயங்கிய பங்குச் சந்தையில் சணல், தேயிலை, நிலக்கரிக் கம்பெனிகளின் பங்குகள் நெடுங்காலம் கைமாறி வந்தன. 2013ஆம் ஆண்டில் அங்கே வியாபாரம் நின்றுவிட்டது. ஆயினும், ஒரு செய்தி காதில் விழுந்த மாத்திரத்தில் பங்குகளை விற்க விரையும் மனித சுபாவம் நின்றுவிடவில்லை. தெருவிலிருந்து அது கைப்பேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இன்று நம் குடும்பங்களிலும், பரஸ்பர நிதிகள் வாயிலாகவோ நேராகவோ, அமெரிக்கக் கம்பெனிகளில் சேமிப்பை இட்டிருப்போர் உளர். அவர்கள் அறிந்து பயன்பெறத் தக்கது, இன்டெல் என்னும் கணிப்பொறிச் சில்லுக் கம்பெனியின் கதை.

1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இன்டெலின் பெண்டியம் சில்லு சில வகுத்தல் கணக்குகளைப் பிழையாகச் செய்வதைக் கண்டறிந்தார். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 என வரவேண்டும்; அச்சில்லோ 1.33374 என்று விடை தந்தது. சாதாரணமாக உபயோகிப்போர்க்கு 27,000 ஆண்டுகளுக்கு ஒரு முறையே இப்பிழை நேரும் என்று கம்பெனி சமாதானம் கூறியது. ஐ.பி.எம். அதனை ஏற்கவில்லை, பெண்டியம் பொருத்திய தன் கணிப்பொறிகளை அனுப்புவதை டிசம்பரில் நிறுத்தியது. பங்கின் விலை சரிந்தது. முடிவில், கேட்போர்க்கெல்லாம் சில்லை மாற்றித் தருவதாக இன்டெல் இசைந்து, அதன் பொருட்டு 47.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. எனினும் பெண்டியம் ஒழிந்துவிடவில்லை. அடுத்த ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது.

இதனினும் பெரிய குறை ஒன்று 2018 ஜனவரியில் வெளிப்பட்டது. இக்காலச் சில்லுகள், வேகத்தின் பொருட்டு, இனி வரப்போகும் வேலையை ஊகித்து முன்னதாகவே செய்து வைக்கின்றன. ஊகம் தவறினால் அவ்வேலையைத் தள்ளிவிடுகின்றன. ஆனால் அதன் சுவடு உள்ளே எஞ்சிவிடுகிறது. அச்சுவட்டைக் கொண்டு பிறருடைய இரகசியங்களை அறிய வழி உண்டு என்று ஆராய்ச்சியாளர் காட்டினர். இக்குறைகளுக்கு மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று பெயரிட்டனர்.

ஜனவரி 3ஆம் தேதி இன்டெல் பங்கு 3.4 சதவிகிதம் இறங்கியது. போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி.யின் பங்கோ 5 சதவிகிதத்துக்கு மேல் ஏறியது. ஒருவர் கடையில் பழுதெனின் எதிர்க்கடையில் கூட்டம் சேருமென முதலீட்டாளர் கணக்கிட்டனர். ஆனால் ஸ்பெக்டர் தன் சில்லுகளையும் தொடுமென ஏ.எம்.டி.யே ஜனவரி 11ஆம் தேதி ஒப்புக்கொண்டது. அம்மாத இறுதியில் இன்டெல் நல்ல வருமானக் கணக்கை வெளியிட்டதும் அதன் பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ 10 சதவிகிதம் உயர்ந்தது. மாதத் தொடக்கத்தில் அஞ்சி விற்றவர்கள் அவ்வுயர்வை இழந்தனர்.

நிற்க. அக்குறை குறித்து இன்டெலுக்கு 2017 ஜூன் மாதத்திலேயே தெரிவிக்கப்பட்டிருந்தது. பரிகாரம் காணுமுன் திருடர் அறிந்துவிடலாகாது என்பதற்காக அதனை மறைவாக வைத்திருந்தனர். சிறு முதலீட்டாளர்க்குச் செய்தி கடைசியில்தான் வந்து சேர்கிறது என்பதற்கு இதுவே சான்று. கடைசியில் அறிந்தவர் முதலில் ஓட முயல்வதால் பயன் யாது?

இன்டெலின் பங்குக்கு உண்மையான அடி வேறிடத்திலிருந்து வந்தது. ஏ.எம்.டி. தன் புதிய சில்லுகளைத் தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலையில் செய்வித்து முன்னேறியது. இன்டெலோ தன் ஆலைகளில் அடுத்த தலைமுறைச் சில்லைக் குறித்த காலத்தில் செய்ய இயலாது தடுமாறியது. 2020 ஜூலையில் அத்தாமதத்தை அறிவித்தபோது அதன் பங்கு ஒரே நாளில் 16 சதவிகிதம் வீழ்ந்தது, ஏ.எம்.டி. ஏறத்தாழ அதே அளவு ஏறியது. 2024 ஆகஸ்டில், நஷ்டத்தையும், சுமார் 15,000 ஊழியரைக் குறைப்பதையும், பங்கு ஈவை நிறுத்துவதையும் அறிவித்த மறுநாள் 26 சதவிகிதம் சரிந்தது. குறையைப் பற்றிய செய்தியால் இறங்கிய 3.4 சதவிகிதம் எங்கே, தொழில்திறனில் பின்தங்கியதால் நேர்ந்த இவ்வீழ்ச்சி எங்கே!

ஆதலின், இத்தகைய செய்தி வரும்போது நாம் கேட்கவேண்டிய வினாக்கள் சில உள. குறை ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதா, எல்லோர்க்கும் பொதுவா? குறையைக் கம்பெனி ஒப்புக்கொண்டு திருத்துகிறதா, மழுப்புகிறதா? அதன் சரக்கைவிடச் சிறந்ததைப் போட்டியாளர் காலத்தில் தருகிறாரா? முதல் வினாவுக்கு விடை சில நாட்களில் தெரியும். மூன்றாவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். சேமிப்பின் கதியை நிர்ணயிப்பது பெரும்பாலும் அந்த மூன்றாவதே.

1956ஆம் ஆண்டளவிலேயே பராநகர் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் கணிப்பொறியைக் கண்ட நகரம் இது. சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் அத்துறையில் பணிபுரியும் நம் இளைஞர்களும் பெண்களும், தொழில் நுட்பச் செய்திகளின் பொருளை வீட்டுப் பெரியோர்க்கு விளக்கிச் சொல்லலாம். ஓய்வுக்காலத் தொகையைப் பங்குகளில் இட்டிருக்கும் பெரியோரும், விற்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது நலம்.